குடும்ப வன்முறையா, வீட்டு வன்முறையா?

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு கல்லியில் (சந்தில்) போன நவம்பரில் தெருநாடகம் போட்டோம். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பல நாடுகளில் நடக்கும் 16 நாள் பிரச்சாரத்துக்காக. நடித்த பெண்கள் இந்தியில் 'கரேலு ஹிம்சா' என்றார்கள். மராத்தி அட்டையில் 'கௌடும்பிக் ஹிம்சாசார்' என்றிருந்தது. தமிழில் சொல்லச் சொல்லி மைக்கை என்னிடம் நீட்டியபோது 'குடும்ப வன்முறை' என்றேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி மாட்டுங்கா பக்கம் இட்லி விற்பவர். "புருஷன் அடிச்சாத்தானே பிள்ள அது? அவுக போயி பத்து வருஷம் ஆச்சு. யாவாரக் காச மவன் தெனமும் பிடுங்கிட்டுப் போறான். அதுவும் இதுல வருமா?"

வரும். 2005இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் இந்தியச் சட்டம் உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம் என நால்வகைக் கொடுமைகளைச் சொல்கிறது. மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண் என எல்லாரும் இதன்படி நீதி கேட்கலாம். ஆனால் நான் சொன்ன சொல் ஆச்சிக்கு அதைச் சொல்லவில்லையே! அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

'டொமஸ்டிக் வயலன்ஸ்' என்பதில் முதல் பாதி லத்தீனின் 'டோமுஸ்'. பொருள், வீடு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இந்தத் தொடர் இருக்கிறது. ஆனால் அங்கே அது ஒரு மாநிலத்துக்குள் மூளும் கலவரத்தைக் குறிக்கிறது. அடுப்படியில் விழும் அடிக்கு இந்தப் பெயர் பரவலாக வந்தது 1970களில்தான். அதுவரை அது ஊரெங்கும் வெறும் புருஷன் பெண்டாட்டி சண்டை.

இந்தி 'கர்' என்னும் வீட்டைப் பிடித்துக்கொண்டது, மராத்தி குடும்பத்தை. தமிழும் குடும்பத்தின் பக்கமே போனது. பத்திரிகையிலும் சட்டப் பேச்சிலும் 'குடும்ப வன்முறை' நிலைத்துவிட்டது, பிழையும் இல்லை. ஆனால் குடும்பம் என்றதும் நம் பெண்களுக்கு மானம் நினைவுக்கு வருகிறது. 'குடும்ப விஷயம், வெளியே பேசாதே' என்று கேட்டே வளர்ந்தவர்கள். 'இல்லற வன்முறை' என்றால் கணவன் மனைவியோடு நின்றுவிடும். 'வீட்டு வன்முறை' இடத்தைச் சொல்கிறது, யார் அடித்தாலும் அடங்குகிறது. எனக்கு இதுவே சரியான சொல்லாகப் படுகிறது.

அப்புறம், ஹிம்சாதான் தமிழில் இம்சை. ஆனால் நம் பேச்சில் அது தொந்தரவாகச் சுருங்கிவிட்டது. அழுகிற குழந்தையும் இம்சை, மின்வெட்டும் இம்சை. அதனால் இங்கே உதவாது. வன்முறையில் 'வன்' என்பது வன்சொல், வன்கொடுமை ஆகியவற்றில் வரும் அதே கடுமை. பாலியல் வன்முறை என்ற சொல்லும் இதே வேரில் நிற்கிறது. முன்பு எழுதிய 'கற்பழிப்பு' பெண்ணிடம் ஏதோ அழிந்ததாகச் சொன்னது. வன்முறை என்றால் செய்தவன் பக்கம் விரல் திரும்புகிறது. அந்த மாற்றத்துக்காகவே இந்தச் சொல்லை நான் மதிக்கிறேன்.

மும்பையில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் 'திலாசா'. தேறுதல் என்று பொருள். பாந்த்ரா பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 2000இல் இந்தப் பெயரில்தான் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான மையம் தொடங்கியது. காயத்துக்கு மருந்து போட வருகிற இடத்திலேயே உட்கார்ந்து பேச ஆள் உண்டு.

அடுத்த கல்லியில் தமிழ் அட்டையை 'வீட்டு வன்முறை' என்று எழுதிக்கொண்டு போனோம். ஆச்சி அங்கேயும் வந்திருந்தார். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "பாந்த்ராவுக்கு எந்த பஸ்ஸு பிள்ள போவும்?"