கசிவு அல்ல, கொட்டல்

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அடுத்த சில நாள்கள் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. இளைஞர்கள் அதில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். செய்திகளில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, கீழே ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதினார்கள். வாளியில் அள்ளுகிற ஒன்று எப்படிக் கசிவாகும்? அன்றிலிருந்து எங்கே கப்பல் உடைந்தாலும் இதே சொல்தான் காதில் விழுகிறது.

ஆங்கிலத்தில் இதை ‘ஆயில் ஸ்பில்’ என்பார்கள். ‘ஸ்பில்’ என்றால் கொட்டுதல், சிந்துதல். சரி, நம் சொல்லுக்கு வருவோம்.

பானையில் ஈரம் கசியும். குழாய் மூட்டில் தண்ணீர் கசியும். ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று சம்பந்தர் பாடியது மனம் மெல்ல நெகிழ்வதைத்தான். உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்தால்தான் அது கசிவு. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் ஏறியபோது, 11 சரக்குத் தொட்டிகளில் 8 கிழிந்தன. சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் போனது, பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள். இதையும் கசிவு என்றால், கலிஃபோர்னியாக் கரையோரம் கடலடிப் பிளவுகளிலிருந்து இயற்கையாகவே எண்ணெய் ஊறி வருகிறதே, அதை என்ன சொல்லி அழைப்பது? உண்மையான கசிவு அதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கப்பல்காரர் செய்ததும் இயற்கை செய்வதும் ஒன்றாகிவிடும்.

போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதையும் ‘விஷவாயுக் கசிவு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, நடந்தது என்ன என்று பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

‘சிந்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கசிவைவிடப் பரவாயில்லை. ஆனால் அடுக்களையில் நாம் எப்படிப் பேசுகிறோம்? கரண்டியிலிருந்து நாலு சொட்டு விழுந்தால் சிந்திவிட்டது. தூக்கோடு கவிழ்ந்தால் கொட்டிவிட்டது. துணியால் துடைப்பது வேறு, வழித்து அள்ளுவது வேறு. கப்பல் விபத்துக்கு எண்ணெய்க் கொட்டல்தான் பொருந்தும். குப்பை கொட்டுவதுபோல வேண்டுமென்றே செய்ததாகத் தொனிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. ‘பால் கொட்டிப்போச்சு’ என்று சொல்லும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே.

நீர்மேல் பரந்து மிதப்பதற்கு ‘எண்ணெய்ப் படலம்’ நல்ல சொல், அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது படலமாகவே நிற்பதில்லை. இலேசான பகுதி ஆவியாகிப் போக, மீதியை அலை கடைந்து தண்ணீரோடு சேர்த்துக் கூழாக்குகிறது. கொட்டியதைப் போல மூன்று நான்கு மடங்கு பெருத்துக் கரைக்கு வருகிறது. பறவையின் இறகில் ஒட்டினால் குளிர் உள்ளே இறங்கும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் பூசினால் மரம் மூச்சுமுட்டும். எண்ணூர் விபத்து நடந்தது, பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில்.

வால்டெஸ் கொட்டிய எண்ணெய் பல ஆண்டுகள் கழித்தும் அலாஸ்காக் கரையில் கூழாங்கற்களுக்கு அடியில் இருந்தது. அங்கே ஒரு குழி தோண்டினால் அடியிலிருந்து மெல்ல ஊறி வந்ததே, அதை வேண்டுமானால் கசிவு என்று எழுதுங்கள்.