சக்குலண்ட் என்றால் சதையா, சோறா?

பக்கத்து வீட்டு அம்மா போன வாரம் கைபேசியோடு எங்கள் மாடிக்கு வந்தார். நர்சரியில் 150 ரூபாய் கொடுத்து ஒரு எக்கவேரியா வாங்கியிருந்தார். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைத்து, மேலே விபூதி தூவியதுபோல் இருக்குமே, அந்தச் செடி. அதை எப்படி வளர்ப்பது என்று தேடியதில் ஒரு தமிழ்க் கட்டுரை அகப்பட்டிருக்கிறது. "தம்பி, 'சதைப்பற்றுள்ளவைகளின் குட்டிகளைத் தாயிடமிருந்து மெதுவாகப் பிரிக்கவும்'னு போட்டிருக்கான். நான் வாங்கினது செடிதானே?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் ஆங்கிலச் 'சக்குலண்ட்'டுக்குத் தமிழாக வைத்த இந்தச் 'சதைப்பற்றுள்ளவைகள்' என் கண்ணில் படுவது இது ஐம்பதாவது தடவையாவது இருக்கும். செடி வளர்ப்புக் காணொளியின் தலைப்பில், பூந்தொட்டி விற்பவரின் அட்டையில், வீட்டு அலங்காரக் குறிப்பில் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். ஒருமுறை இதைப் பற்றி எழுதிவிட்டால் மனசு ஆறும்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'சூக்கஸ்' என்றால் சாறு. அதிலிருந்து சாறு நிறைந்தது என்ற பொருளில் 'சக்குலண்ட்' வந்தது. தாவரவியலில் அது ஒரு குடும்பத்தின் பெயரோ இனத்தின் பெயரோ இல்லை. இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு வறட்சியைக் கடக்கும் செடி எதுவானாலும் சக்குலண்ட். கற்றாழை, பிரண்டை, அடினியம், எக்கவேரியா, கடலோர உப்புமண்ணில் வளரும் உமரி எல்லாமே வேறு வேறு குடும்பம். பிழைக்கும் வழிதான் ஒன்று. கேக்டஸ் என்பது மட்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் அநேகமாக எல்லாமே சக்குலண்ட்தான். ஆனால் சக்குலண்ட் எல்லாம் கேக்டஸ் இல்லை.

இனி சதைக்கு வருவோம்.

சதைப்பற்று என்ற சொல்லோடு எனக்குச் சண்டை கிடையாது. அருமையான சொல். "நல்ல சதைப்பற்றான முருங்கைக்காயாப் பார்த்து எடு" என்று அம்மா சொல்லியனுப்புவார். மாம்பழத்துக்குச் சொல்லலாம், கோழித்தொடைக்குச் சொல்லலாம், குழந்தையின் கைக்குக்கூடச் சொல்லலாம். இந்த இடங்களிலெல்லாம் கொட்டையையோ எலும்பையோ சுற்றி வேறொன்று பற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அது சதைப் 'பற்று'. எக்கவேரியா இலையில் எது எதைப் பற்றியிருக்கிறது? உள்ளே கொட்டையும் இல்லை, எலும்பும் இல்லை. மெல்லிய தோலுக்குள் முழுக்க முழுக்கத் தண்ணீர்ப்பைதான்.

பாடப்புத்தகத்தில் 'சதைப்பற்றுள்ள இலை' என்று எழுதினால் ஒப்புக்கொள்வேன். அங்கே அது இலைக்கு அடைமொழி, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தகராறு எங்கே வருகிறது என்றால், அந்த அடைமொழிக்குக் கால் முளைக்கவைத்து 'சதைப்பற்றுள்ளவை' என்று தனியே நடக்கவிடும்போது. செடி என்ற சொல்லையே காணோம். பேரங்காடியில் இறைச்சி வைத்திருக்கும் பகுதிக்கு மேலே மாட்ட வேண்டிய பலகை அது. போதாக்குறைக்கு 'கள்' வேறு. 'உள்ளவை' என்பதே பன்மை. அதற்கு மேல் ஒரு 'கள்' ஒட்டி, அதற்கும் மேல் வேற்றுமை உருபை ஏற்றி, 'சதைப்பற்றுள்ளவைகளுக்கானவை' என்று ஒரு சரக்கு ரயிலையே ஓட்டியிருக்கிறார் ஒருவர். தொட்டியில் இருக்கும் செடி அந்தச் சொல்லைவிடச் சின்னது.

சதை என்றதும் வளர்ப்பவர் மனத்தில் என்ன தோன்றும்? கொழுகொழுவென்று இருக்கிறது, இன்னும் நன்றாக ஊட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்ற செய்தி அந்தப் பெயரில் இல்லை. எங்கள் வட்டாரத்தில் சாகிற சக்குலண்டுகளில் பத்துக்கு ஒன்பது தண்ணீர் குறைந்து சாவதில்லை, கூடிச் சாகின்றன. முதலில் அடி இலை கண்ணாடிபோல் ஆகும், தொட்டால் உதிரும், அப்புறம் தண்டு கறுக்கும். கறுத்த பிறகு மேலே நல்லதாக இருக்கும் பகுதியை வெட்டி, காயம் ஆறும்வரை நிழலில் காயவைத்து நடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பெயர் மாறினால் செடி பிழைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பெயர் தப்பான திசையைக் காட்டாமல் இருந்தால் போதும்.

போட்டிக்கு வேறு சொற்களும் நிற்கின்றன. 'சாற்றுச்செடி' லத்தீனுக்கு நேர்ப்பொருள், ஆனால் கரும்பை விட்டு வேறெதுவும் நினைவுக்கு வராது. 'நீர்த்தாவரம்' என்றால் அல்லி, தாமரை. 'நீர்சேமிப்புத் தாவரம்' என்பது அரசாங்கத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, அடுத்து மானியம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

இவற்றையெல்லாம் விட்டு, எல்லாவற்றையும் 'கள்ளி' என்று ஒரே சாக்கில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் எனக்கு உண்மையான கோபம். கள்ளி பழைய தமிழ்ச்சொல். குறுந்தொகையின் 16ஆம் பாட்டில், தலைவன் கடந்துபோகும் பாலை வழியில் கள்ளிக்காடு வருகிறது, அங்கே சிவந்த கால் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. அந்தக் கள்ளி கேக்டஸாக இருக்க முடியாது. கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. 1492க்குப் பிறகுதான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகக் காணப்படுவது ரிப்சாலிஸ் வகையில் ஒன்றே ஒன்றுதான். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் மரத்தில் முள்ளில்லாமல் தொங்கும் கொடி அது. பல்லி உட்கார்ந்த கள்ளி யூபோர்பியாதான்: நம் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி கூட்டம். உடைத்தால் பால் வடிவது. கள்ளிப்பால் என்ற சொல்லின் பயங்கரத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல் உலகமும் சுற்றியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற லத்தீன் தாவர நூல் மலையாளக் கரையின் பெயரான 'திருக்கள்ளி'யை அப்படியே பதிந்துவைத்தது. செடிகளுக்கு லத்தீன் பெயர் முறை வகுத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் அதையே எடுத்து ஒரு செடிக்கு 'யூபோர்பியா திருகல்லி' என்று பெயர் சூட்டினார். நாம் கொம்புக்கள்ளி, குச்சிக்கள்ளி என்கிறோமே, அதுதான். இன்றைக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அதன் செந்நிற வகையை வேறு பகட்டான பெயரில் விற்றாலும் பட்டியலில் நம் கள்ளி உட்கார்ந்திருக்கிறது.

சரி, அப்படியானால் கேக்டஸைக் கள்ளி என்பது தப்பா? அந்த அளவுக்கு நான் கறாரான ஆள் இல்லை. சப்பாத்திக்கள்ளியை ஊர் என்றைக்கோ கள்ளியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. (சப்பாத்துக்கள்ளி என்றும் சொல்வார்கள். சப்பாத்து போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல், இலங்கையில் இன்றும் காலணிக்கு அதுதான் பெயர். அந்தத் தட்டையான மடலைப் பார்த்தால் எனக்குச் சப்பாத்தியைவிடச் செருப்பின் அடிப்பாகம்தான் ஞாபகம் வருகிறது.) 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். சாயம் தரும் காச்சினீல் பூச்சியை அதில் வளர்த்துக் காசு பார்க்கலாம் என்பது கணக்கு. சாய வியாபாரம் கைகூடவில்லை, சப்பாத்திக்கள்ளி மட்டும் வேலிகளிலும் தரிசுகளிலும் பரவிவிட்டது. கடைசியில் அதை அடக்கியதும் காச்சினீல் வகைப் பூச்சிகள்தான். ஊர் பார்த்தது, முள் இருக்கிறது, வேலிக்கு ஆகிறது, சரி, நீயும் கள்ளி என்று பெயர் கொடுத்தது. அந்தப் பெயரைப் பிடுங்க எனக்கு மனசில்லை.

ஆனால் செடி சேர்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும். நண்பர் ஒருவர் 'கள்ளி' என்று வாங்கிவந்த மூன்று பட்டைச் செடியைக் கையுறை இல்லாமல் வெட்டி, நெற்றி வியர்வையைத் துடைக்கும்போது கண்ணையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அது யூபோர்பியா. அன்றைய இரவு முழுக்கக் கண் மருத்துவமனையில் கழிந்தது. சந்தேகம் வந்தால் முள் புறப்படும் இடத்தைப் பாருங்கள். கேக்டஸில் ஒவ்வொரு முள்கொத்தும் பஞ்சு வைத்தாற்போன்ற ஒரு சின்னத் திண்டிலிருந்து கிளம்பும். யூபோர்பியாவில் அந்தத் திண்டு கிடையாது, பெரும்பாலும் முள் இரட்டை இரட்டையாக நிற்கும். பாலை மட்டும் நம்ப முடியாது, மாமில்லேரியா என்ற கேக்டஸில் சில வகைகளுக்கும் பால் உண்டு.

ரணகள்ளியை வைத்து என்னை மடக்கப் பார்ப்பார்கள். அதில் பாலும் இல்லை, முள்ளும் இல்லை, பெயர் மட்டும் கள்ளி. உண்மைதான். ஊர் வைத்த பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இலையிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. சென்னை மாகாணத்தில் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதே இலை காலையில் புளிப்பதையும் பகல் ஏற ஏறப் புளிப்பு போய்விடுவதையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மென்று பார்த்து எழுதியிருக்கிறார். நானும் மென்று பார்த்தேன். காலை ஆறு மணிக்குப் புளிச்சக்கீரை, மதியம் மூன்று மணிக்கு வெறும் பச்சைத் தண்ணீர். பகலில் இலைத்துளையைத் திறந்தால் வெயில் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று இந்தச் செடி இரவில் மட்டும் திறந்து, காற்றிலிருந்து எடுத்ததைப் புளிப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் புளிப்பைச் செலவு செய்கிறது. தண்ணீரைச் செலவழிக்காமல் வாழ இவ்வளவு பாடுபடும் ஒன்றைப் போய்ச் சதை என்று கூப்பிட வாய் வருமா?

அப்படியானால் என்னதான் சொல்வது? பதில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை. மடலை ஒடித்தால் முதலில் மஞ்சளாக ஒரு கசப்பு நீர் வடியும். அது வடிந்தபின் தோலைச் சீவினால் உள்ளே கண்ணாடிபோல் வழவழவென்று இருப்பதைக் கற்றாழைச் சோறு என்கிறோம். ஏழு தண்ணீரில் கழுவி மோரில் போடச் சொல்வார்கள். சோறு என்றால் வடித்த அரிசி மட்டும் இல்லை, தாவரத்தின் உள்ளே இருக்கும் மெத்தென்ற உள்ளீட்டுக்கும் அதுவே பெயர். செடியை உள்ளீடு பார்த்து வகைப்படுத்துவதும் நமக்குப் புதிதில்லை. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்கிறது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் பனையும் புல்தான். அப்படியிருக்க, உள்ளே சோறு வைத்திருப்பது சோற்றுச்செடி.

பட்டிமன்றம் உடனே தொடங்கும், தெரியும். "சோற்றுச்செடியா, நெற்பயிரா?" என்று நர்சரிக்காரரே கேட்டுவிட்டார். சோற்றுக்கற்றாழை என்றதும் யாராவது உலை வைக்கிறோமா? முதல் வாரம் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கடையில் நின்று "சக்குலண்ட் இருக்கா?" என்று கேட்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானே அப்படித்தான் கேட்கிறேன். தமிழில் எழுத உட்காருகிறவர்கள் மட்டும் தமிழ் வீட்டில் ஏற்கெனவே என்ன புழங்குகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். அந்த 'குட்டி' விவகாரமும் இப்படித்தான். வாழைக்குப் பக்கத்தில் முளைப்பதைக் கன்று என்கிறோம், கற்றாழைக்கும் கன்றுதான். இதில் குட்டி எங்கிருந்து வந்தது? சான்சிவேரியாவைப் 'பாம்புச்செடி' என்று மொழிபெயர்த்து விற்கிறார்கள். அதன் உள்ளூர் உறவுக்காரனுக்கு மருள் என்று அழகான பெயர் இருக்கிறது, நார் உரித்துக் கயிறு திரித்தவர்கள் வைத்த பெயர். யாருக்குத் தெரிகிறது?

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. கற்றாழை மாதிரி இதுவும் உள்ளே சோறு வைத்திருக்கும் செடி, மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நேற்று மறுபடி வந்தார், உள்ளங்கையில் ஓர் இலை. தளதளவென்று, மறுபக்கம் தெரியும் அளவுக்கு வெளுத்திருந்தது.

"தம்பி, சோறு குழைஞ்சுபோச்சு. தண்ணி அதிகமோ?"