ஓகே என்பது முதலில் ஒரு எழுத்துப்பிழை

'ஓகே' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டாக்களின் சொல் என்பார் ஒருவர், கிரேக்கர்களின் 'ஓலா கலா' என்பார் இன்னொருவர். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அச்சில் கிடைக்கும் சான்று வேறு இடத்தைக் காட்டுகிறது.

1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது: ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சில் போடுவது. 'ஆல் ரைட்' இப்படித்தான் 'oll wright' என்றாகி, ஓ.டபிள்யூ. ஆனது. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் வந்த ஒரு கிண்டல் செய்தியில் 'ஆல் கரெக்ட்' அதேபோல 'oll korrect' என்றாகி, ஓ.கே. ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அது 'ஏ', 'சி' என்று தொடங்க வேண்டும். ஆக, எல்லாம் சரி என்று சொல்லும் சுருக்கத்தில் இரண்டு எழுத்துமே தப்பு. ஜோக்கே அதுதான். பழைய நாளிதழ்களைத் தோண்டி 1960களில் இதை நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

சரி, மற்றதெல்லாம் செத்துப்போக இது மட்டும் எப்படிப் பிழைத்தது? பெரும்பாலும் அதிர்ஷ்டம். 1840 தேர்தலில் மறுபடி நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்திலுள்ள கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரைச் சுருக்கினால் ஓ.கே. ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அவருக்கு முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஒழுங்காக எழுதவே தெரியாது, அவர்தான் கோப்புகளில் ஓ.கே. என்று கிறுக்கினார் என்று கதை கட்டிவிட்டார்கள். வான் பியூரன் தோற்றுப்போனார், ஆனால் அதற்குள் நாடு முழுக்க இந்த இரண்டு எழுத்தும் பரவிவிட்டது. அப்புறம் தந்தி வந்தது; 'செய்தி கிடைத்தது' என்று சொல்ல தந்திக்காரர்களுக்கு இது வசதியாகிப்போனது.

இதன் அர்த்தத்தில் ஒரு விசேஷம் உண்டு: ஏற்றுக்கொள்ளும், ஆனால் பாராட்டாது. அதனால்தான் "இப்ப காய்ச்சல் எப்படி?" என்பதற்கு "ஓகே" என்றால் நிம்மதி, "சாம்பார் எப்படி?" என்பதற்கு அதையே சொன்னால் சமைத்தவர் முகம் மாறுகிறது. தமிழில் நாம் 'பண்ணு' சேர்த்து ஒப்புதலாக்கிவிட்டோம், 'வா' சேர்த்துக் கேள்வியாக்கிவிட்டோம். "ஓகே, அப்ப வைக்கிறேன்" என்று போனை வைக்கும்போது அதில் சம்மதமும் இல்லை, ஒன்றுமில்லை, பேச்சு முடிந்தது என்பதற்கான அடையாளம் மட்டும். 'தான்' சேர்த்தால் இன்னும் மோசம்: "படம் ஓகேதான்" என்று சொன்னவரை நம்பி யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.