கொல்லைக் காய்கறியை விற்க லைசென்ஸ் வேண்டுமா?

பின்கட்டுக்குப் பின்னால் நாலைந்து சென்ட் கொல்லை, ஒரு கிணறு, இரண்டு பாத்தி கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் அவரை. காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் இப்படி வீடுகள் நிறைய. வீட்டுக்குப் போக மிச்சம் காய்க்கிறது, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாயிற்று, இனி விற்றுப் பார்க்கலாமே என்று நினைத்தவுடன் யாராவது ஒருவர் "லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்று பயமுறுத்துவார்.

எவ்வளவு விற்கிறீர்கள் என்பதைவிட எப்படி விற்கிறீர்கள் என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கிறது. பறித்த காயை அப்படியே விற்பதற்கும், 'இயற்கைக் காய்' என்று சொல்லி விற்பதற்கும், வத்தலாக்கிப் பாக்கெட் போட்டு விற்பதற்கும் விதிகள் வேறு வேறு.

பறித்த காய்தான் இருப்பதிலேயே எளிது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 18ஆம் பிரிவு, விவசாயியையும் அவர் நிலத்தளவில் விளைவித்த பொருளையும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. உங்கள் கொல்லையில் விளைந்ததை நீங்களே கூடையில் வைத்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. பக்கத்து வீட்டுக் காயையும் சந்தையில் வாங்கிய காயையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் நீங்கள் வியாபாரி. இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

தராசு விஷயத்தை மட்டும் பலர் கவனிப்பதில்லை. சமையலறைக்கென்று வாங்கிய சின்ன மின்தராசில் எடைபோட்டு விற்கக் கூடாது. விற்பனைக்குப் பயன்படும் தராசில் தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை இருக்க வேண்டும். மின்தராசு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டாக விற்கும் கீரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

உழவர் சந்தைக்குப் போகலாமா? 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. காரைக்குடியிலும் இருக்கிறது. கமிஷன் கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். ஆனால் உள்ளே உட்கார அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் கேட்பார்கள். அதிகாரி வந்து பயிரையும் பார்ப்பார். வீட்டுமனையில் இருக்கும் கொல்லைக்கு அடங்கலில் பயிர்க் கணக்கு இருக்காது. ஊருக்கு வெளியே குடும்பத்துக்குப் புஞ்சை இருந்து அதிலும் காய்கறி போட்டிருந்தால்தான் அந்த வழி. மற்றவர்களுக்குத் தெரு விற்பனையும் வாட்ஸ்அப் ஆர்டருமே மேல் என்பது என் கருத்து.

சரி, 'ஆர்கானிக்' என்று போர்டு வைக்கலாமா? இதற்கு 2017இல் தனி ஒழுங்குமுறை வந்தது. ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் உணவுக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்று வேண்டும் என்பது பொது விதி. விளைவித்தவரே சாப்பிடுபவருக்கு நேரடியாக விற்றால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் வீட்டு வாசலில் வந்து வாங்குபவரிடம் "மருந்தடிக்காத காய்" என்று தாராளமாகச் சொல்லலாம். அதே காயை ஒரு கடையில் கொடுத்து, கடைக்காரர் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்றால் சான்று கேட்பார்கள். ஆர்கானிக் உணவுக்கான 'ஜைவிக் பாரத்' அரசு முத்திரையைச் சான்றில்லாமல் எங்கேயும் போடக் கூடாது.

சான்று வாங்க இரண்டு வழி. ஒன்று, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை மூலம் வாங்குவது. ஏற்றுமதிக்கும் செல்லும் சான்று; கட்டணம், ஆய்வு, பதிவேடு எல்லாம் உண்டு. நாலு சென்ட்டுக்கு இது கட்டுப்படியாகாது. இன்னொன்று பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ உள்ள குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்துச் சரி என்று எழுதுவார்கள். ரசாயனத்தை விட்டு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதாக மாறிய பிறகு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்று இரண்டு முத்திரை. சொந்தக்காரர்களாக ஐந்து பேரைச் சேர்ப்பது சுலபம்தான். ஆனால் சித்தப்பா தோட்டத்தில் யூரியா மூட்டை இருந்தால் எழுதத் தைரியம் இருக்குமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தேக்குத் தூணும் நிலையும் உள்ள வீடு என்பதால் கரையான் மருந்து அடிக்காமல் விடமாட்டோம். சுவரோரத்தில் துளைபோட்டு ஊற்றும் குளோர்பைரிபாஸ் பாத்திக்குப் பக்கத்தில்தான் இறங்கும். செடிக்கு வேப்பம் புண்ணாக்கும் பஞ்சகவ்யாவும் கொடுத்துவிட்டு, சுவரை ஒட்டிய பாத்தியில் கீரை போட்டால் அதை இயற்கைக் கீரை என்று எப்படிச் சொல்வது? சுவரோரத்தில் பூச்செடி வைத்துவிட்டு, காய்கறியைத் தள்ளிப் போடுவது நல்லது.

வத்தலுக்கு வருவோம். இந்த வெயிலுக்கு அதுதான் உண்மையான தொழில். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி வத்தல், மோர்மிளகாய் எல்லாம் நம் வீடுகளில் எப்போதும் செய்வதுதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பதையே கொஞ்சம் கூட்டிச் செய்தால் போதும். ஆனால் காயை மோரில் ஊறவைத்து, உப்புப் போட்டுக் காயவைத்த கணத்திலிருந்து நீங்கள் உணவுத் தொழில் செய்பவர். சிறிய அளவில் செய்பவருக்கு உரிமம் வேண்டாம், உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும். அதற்கான அரசின் 'ஃபாஸ்கோஸ்' இணையதளத்தில் போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பிக்கலாம். 2011ஆம் ஆண்டு விதிப்படி ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று எழுத வேண்டும்.

கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கூடவே பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, பாக்கெட் போட்ட தேதி, எதுவரை நன்றாக இருக்கும், அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், சைவப் பச்சைப் புள்ளி. கையால் எழுதி ஒட்டிய லேபிள் மோர் ஈரத்தில் அழியும், அச்சடித்துவிடுங்கள்.

விலை வைக்கும்போது ஒரு கணக்கு. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ மிஞ்சினால் பெரிது. காய் விலையின் பத்து மடங்கு என்பது வெறும் காய்க்கான காசு. உப்பு, மோர், ஆள் கூலி, பாக்கெட் எல்லாம் அதற்கு மேல்.

பண உதவிக்கு 2020இல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தைப் பாருங்கள். 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. மாவட்டத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். உலர்த்தி, அரவை இயந்திரம், பாக்கெட் இயந்திரம் என்று 3 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் உங்கள் கைப்பணம் குறைந்தது 30,000, மீதி வங்கிக் கடன், அதில் மானியம் 1,05,000. அந்த மானியம் கையில் வராது. வங்கியில் தனியாக இருந்து, மூன்று ஆண்டு கடனை ஒழுங்காகக் கட்டித் தொழிலும் நடந்தால்தான் கடனில் கழியும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து ஏற்கெனவே உணவுப் பொருள் செய்பவர்களுக்கு, இதே திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்கப் பணம் உண்டு. "சும்மா தர்றாங்களாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். குழுக்களின் கூட்டமைப்புக்குத்தான் அது மானியம். உறுப்பினருக்குக் கடன், திருப்பிக் கட்ட வேண்டும்.

பயிற்சிக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அறிக்கை தயாரிக்கவும் வங்கிக்கும் பதிவுகளுக்கும் உதவவும் மாவட்டத்தில் வள நபர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான ஊதியத்தைத் திட்டமே தருகிறது.