பரிசாக வந்த பொம்மைக்கும் நீங்கள் நுகர்வோர்தான்

போன ஆனித் தேரோட்டத்துக்கு வந்த தாய்மாமா, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு வாத்து பொம்மை வாங்கிக் கொடுத்தார். முதுகை அழுத்தினால் பாடும், வயிற்றில் சிவப்பு விளக்கு எரியும். விலை 350 ரூபாய். நான்காம் நாள் அடி மூடி கையோடு கழன்று வந்துவிட்டது. ஸ்குரூ கிடையாது, வெறும் பிளாஸ்டிக் கொக்கி. உள்ளே இருந்த மூன்று பட்டன் பேட்டரியில் ஒன்று பிள்ளையின் வாய்க்குள். ஆச்சி பார்த்துவிட்டதால் தப்பித்தது.

பிள்ளையின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். வாத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "பில் இருக்கா? நீங்களா வாங்குனீங்க? வாங்குனவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வாங்கிக் கொடுத்த மச்சான் அதற்குள் மும்பைக்கு ரயில் ஏறிவிட்டார். அப்புறம் ஓர் அலுவலகத்தில் "இது எங்க துறை இல்லை". இன்னொன்றில் "மதுரைக்கு எழுதுங்க". மூன்றாவது இடத்தில் "வாங்கினவர் பேர்லதான் மனு கொடுக்கணும்". மூன்று நாள் சவாரி கெட்டது. அந்த மூன்றாவது பதில் சட்டப்படி தப்பு. அவரை மாதிரி எத்தனையோ பேர் அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7): பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் அல்ல, அவருடைய சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். மாமா தன் கையால் கொடுத்த பொம்மைக்கு இதைவிட என்ன சம்மதம் வேண்டும்? பிள்ளைக்காக அப்பாவோ அம்மாவோ புகார் கொடுக்கலாம். இந்தப் பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள், எழுதி நீட்டினால் வாங்கிப் படிக்கிறார்கள்.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மை எதுவாக இருந்தாலும் அந்த முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. விற்பனைக்கு அடுக்கி வைப்பதுகூடக் குற்றம். பேட்டரி இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரியில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரையின் மேலே இந்த எண் இருக்க வேண்டும், கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் முத்திரைப் படம் மட்டும் இருந்தால் அது வெறும் அச்சு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் உரிம எண்ணைத் தட்டினால் கம்பெனி பெயரும் பொருளும் வரும். பொம்மையில் இருக்கும் எண்ணைத் தட்டும்போது வேறு ஏதோ பொருளின் பெயர் வந்தால் அது போலி. 'சி.இ.' என்ற எழுத்தைக் காட்டி "இது ஃபாரின் தரம் சார்" என்பார்கள். இந்தியாவில் விற்க அது போதாது.

இந்த முத்திரை விஷயம் ஏன் முக்கியம் என்றால், அது உங்களைப் பெரிய செலவிலிருந்து காப்பாற்றும். "சாயத்தில் ஈயம் இருக்கிறது, பிளாஸ்டிக்கில் விஷம் இருக்கிறது" என்று மனு எழுதினால், பொம்மையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். 350 ரூபாய் பொம்மைக்கு யார் கட்டுவார்கள்? "ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்றார்கள், பேட்டரி மூடியில் ஸ்குரூ இல்லை" என்று எழுதுங்கள். இரண்டையும் கண்ணால் பார்த்தாலே தெரியும். பரிசோதனையே தேவையில்லை.

எங்கே யாரிடம் போவது என்பதில்தான் ஆளைச் சுற்றவிடுகிறார்கள். பெட்டியில் விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இல்லையென்றால், அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்க வேண்டியது. முத்திரை இல்லையென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம், அதே பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் போடலாம். ஆனால் அங்கே போட்டால் கடையில் சோதனை நடக்கலாம், சரக்கைப் பறிமுதல் செய்யலாம். உங்கள் பணம் கைக்கு வராது. பணம் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அது சமரசம் பேசிவைக்கும் இடம்தான், உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால் வழக்கு தோற்றுப்போனதாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

உத்தரவு போடுகிற இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சித்தி சென்னையில் வாங்கியிருந்தாலும், கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். "எங்கே வாங்கினீர்களோ அங்கே போங்கள்" என்பது பழைய சட்டத்துப் பேச்சு.

கடைக்காரர் சொல்லும் சால்ஜாப்புகள் எனக்கு மனப்பாடம். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், கேட்டும் பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 2(47) சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு. "கம்பெனி யாருன்னே தெரியாது, மொத்தக் கடையில எடுத்தது" என்பார்கள். நல்லது, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயாரித்தவரைக் கண்டுபிடிக்க முடியாத பொருளால் பிள்ளைக்குக் காயம் பட்டால் விற்றவரே பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது.

உங்கள் பக்கத்துப் பொறி ஒன்று உண்டு. பொம்மை பிடிக்கவில்லை, சத்தம் தாங்கவில்லை, வீட்டில் இதே மாதிரி மூன்று இருக்கிறது என்பதற்காகப் பணம் திரும்பக் கேட்க உரிமை இல்லை. குறை இருந்தால் மட்டும்தான். துபாயில் வாங்கிப் பெட்டியில் வந்த பொம்மைக்கும் இங்கே யாரையும் பிடிக்க முடியாது. அதை எடுத்து உள்ளே வைப்பது ஒன்றே வழி.

அம்பாசமுத்திரம் மரச்சொப்பில் முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். மத்திய அரசின் கைவினைப் பிரிவில் பதிவு செய்த கைவினைஞர் செய்தால் விலக்கு உண்டு. அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சிறு பிள்ளை என்றால் தொண்டையில் சிக்கும் அளவுள்ள சொப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பிள்ளை பேட்டரியை விழுங்கிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் இந்த மனுவெல்லாம் அப்புறம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள், அல்லது ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "விழுங்கினது நாணயம் இல்லை, பட்டன் பேட்டரி" என்று அடித்துச் சொல்லி எக்ஸ்ரே கேளுங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அந்த இடம் வெந்துவிடும். காந்தக் குண்டுகள் இரண்டு உள்ளே போனாலும் அவசரம்தான். குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பில் கேட்க உறவுக்காரருக்கு போன் போடத்தான் எல்லோருக்கும் கூச்சம். வாங்கிக் கொடுத்தவர் முகம் வாடிவிடுமே என்று நினைக்கிறோம். அந்த அப்பாவிடம் நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "மச்சான், உங்க மேல குத்தமே இல்ல. கடைக்காரன் உங்களயும் ஏமாத்திருக்கான். அந்தப் பில்ல மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." பில் கிடைக்கவில்லை. ஆனால் ஜிபேயில் பணம் கட்டிய பதிவு இருந்தது. தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் அதில் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. பொம்மை வந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். முகவரியோ, முகவரி இல்லை என்பதற்கான சாட்சியோ அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. நம் பிள்ளைக்கு ஆகாது என்று எடுத்த பொம்மையை வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைக்கோ அங்கன்வாடிக்கோ கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அதே தொண்டைதான். பேட்டரியைக் கழற்றி இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, மின்கழிவாகக் கொடுங்கள். பொம்மையை உடைத்துக் குப்பையில் போடுங்கள். புகார் நடந்துகொண்டிருந்தால் மட்டும் பொம்மையை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஆட்டோக்காரர் பிரிவு எண்களோடு கடைக்குப் பதிவுத் தபால் அனுப்பிய ஒன்பதாம் நாள், கடையிலிருந்தே ஆள் வந்து 350 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பொம்மையைக் கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டார், பொம்மையைக் கொடுக்கவில்லை. அதே வாத்துகள் அந்தக் கடையில் இன்னும் தொங்குகின்றன. முத்திரை இல்லாததைப் பற்றிய புகார் நடப்பில் இருக்கிறது. வாத்து அவர் வீட்டு பீரோவின் மேல் தட்டில், மூடியோடு சேர்த்துக் கட்டிய பையில் இருக்கிறது.