சேஸும் கேட்சும் ஒரே சொல்

கிரிக்கெட் வர்ணனையில் சேஸ், கேட்ச் என்னும் இரு சொற்களும் ஓவருக்கு ஒருமுறையாவது காதில் விழுகின்றன. முன்னது துரத்துவது, பின்னது பிடிப்பது. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகளே என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான்.

பிடிக்க முயல்வதை லத்தீனில் 'காப்தாரே' என்றார்கள். பேச்சு வழக்கில் அது திரிந்து, பிரான்சில் வேட்டையாடுதலைக் குறித்தது. ககரத்தை ஒலிக்க நாவின் பின்பகுதி மேல்வாயின் பின்புறமான மென்னண்ணத்தைத் தொட வேண்டும். நடுப் பிரான்சில் ககரத்தை அடுத்த அகரம் வாயின் முன்பக்கம் சாய்ந்து ஒலித்ததால், தொடும் இடமும் மெல்ல முன்னே நகர்ந்து, ககரம் சகரமாயிற்று. வடக்கே நார்மண்டியில் ககரம் அப்படியே நின்றது. இது நமக்குப் புதிதன்று; கன்னடர் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோமே, அங்கும் நாக்கு இதே வழியில்தான் நகர்ந்தது.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் ககர வடிவமே கேட்ச் ஆனது. பின்னர் நடுப் பிரெஞ்சின் செல்வாக்கு ஓங்கியபோது சகர வடிவம் சேஸாக வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் கேட்சுக்கும் துரத்துதல் என்ற பொருள் இருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள் எதற்கு? ஓட்டத்தைச் சேஸ் எடுத்துக்கொள்ள, ஓட்டத்தின் முடிவு கேட்சுக்கு வந்தது. விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் பர்ச்சேஸும் இக்குடும்பம்தான். தேடித் துரத்தி அடைவது என்பதே அதன் பழைய பொருள்.

சேஸை மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அடுக்களைக்குள் நுழைந்த பூனையை வெளியே விரட்டினாலும் சேஸ்தான், அது கவ்விய மீனுக்காகத் தெரு முனைவரை துரத்தினாலும் சேஸ்தான். விலகிப் போகச் செய்வதா, நெருங்கிப் பிடிக்க ஓடுவதா என்பதை ஆங்கிலத்தில் பின்னால் வரும் துணைச்சொல்லோ சூழலோதான் காட்டும்.

கிரிக்கெட்டில் மட்டும் பழைய உறவு மீண்டும் எட்டிப்பார்க்கிறது. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மும்பையில் இந்தியா 275 ரன்களைச் சேஸ் செய்தது என்றால், துரத்தியது மட்டுமல்ல, எட்டியும் விட்டது என்றே பொருள். தமிழில் அதைத் 'துரத்திப் பிடித்தது' என்று இரண்டு வினைகளால் சொல்ல வேண்டியிருக்கிறது.