ஈகோ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

“அவனுக்கு ஈகோ ஜாஸ்தி” என்றால் திமிர் பிடித்தவன் என்று பொருள். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் “ஈகோ பிரச்சினை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பேச்சுக்கு இது போதும். ஆனால் இதே பொருளை மனதில் வைத்துக்கொண்டு உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டைப் படிக்கப் போனால் குழம்பிவிடும், ஏனென்றால் பணிவே உருவான ஆளுக்கும் அவர் கணக்கில் ஈகோ உண்டு, அது இல்லாமல் அந்த ஆளால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

லத்தீனில் ஈகோ என்றால் ‘நான்’, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் ஃப்ராய்ட் இந்தக் கருத்துக்கு அந்த லத்தீன் சொல்லை வைக்கவே இல்லை. 1923இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு ‘தஸ் இஹ் உண்ட் தஸ் எஸ்’. இஹ் என்றால் நான், எஸ் என்றால் அது. ஜெர்மன் பேசும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். மூன்றாவதாக ‘இயூபர்-இஹ்’, அதாவது மேல்-நான். 1927இல் ஜோன் ரிவியர் இந்நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது இவை ஈகோ, இட், சூப்பர் ஈகோ என்று லத்தீன் வேடம் கட்டிக்கொண்டன. பிறகு ஃப்ராய்டின் எழுத்துகளை ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி பதிப்பித்த 24 தொகுதிகளும் அதையே உறுதிப்படுத்திவிட்டன. எளிய சொற்களை மருத்துவக் கலைச்சொல் ஆக்கிவிட்டார்கள் என்று உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். எனக்கும் அதே எண்ணம்தான். பிரெஞ்சுக்காரர்கள் சமர்த்தாகத் தங்கள் மொழிச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள்.

சரி, ஃப்ராய்ட் மனதைப் பிரித்த இந்த மூன்று பகுதிகளும் என்ன செய்கின்றன? ‘அது’ பிறவியிலேயே இருப்பது: பசி, காமம், ஆத்திரம், உடனே வேண்டும் என்ற வேட்கை. அதற்கு நேற்று நாளை கிடையாது, நேர்மாறான இரண்டு ஆசைகள் அங்கே சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்தப் பெயரை கியோர்க் குரோடெக் என்ற மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஃப்ராய்டே சொல்லியிருக்கிறார். இதை விளங்கிக்கொள்ளத் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. “எனக்குக் கோபம் வந்துவிட்டது”, “எனக்குப் பசிக்கிறது”, “அழுகை வருகிறது” என்றுதானே சொல்கிறோம்? இந்த வாக்கியங்களில் நான் எழுவாய் இல்லை, எங்கிருந்தோ வருவதை வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறேன். அந்த ‘எங்கிருந்தோ’வுக்கு ஃப்ராய்ட் வைத்த பெயர்தான் ‘அது’.

மேல்-நான் என்பது பெற்றோரும் பெரியவர்களும் சொன்ன ‘செய்யாதே’க்கள் உள்ளே போய்க் குடியேறியது, எப்படி இருக்க வேண்டும் என்ற இலட்சியமும் அதில் அடக்கம். இந்த இரண்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று எஜமானர்களுக்கும் பதில் சொல்லித் திண்டாடுவதுதான் ‘நான்’, அதாவது ஈகோ. பாவம், அதைப் போய்த் திமிர் என்கிறோம்!

இன்னொரு குழப்பமும் உண்டு: ‘அது’ நனவிலி (நமக்கே தெரியாமல் மனதில் இருப்பது), ‘நான்’ நனவு (நமக்குத் தெரிந்தே இருப்பது) என்று நேர்கோடு போட்டுவிடுவார்கள். நனவு, முன்நனவு (இப்போது நினைவில் இல்லாவிட்டாலும் நினைத்தால் வந்துவிடுவது), நனவிலி என்ற பகுப்பு 1900இல் வந்த கனவுகள் பற்றிய நூலிலேயே இருக்கிறது. அந்தப் பகுப்பு போதவில்லை என்பதால்தான் 1923இல் புதிய பகுப்பு தேவைப்பட்டது. சிகிச்சைக்கு வந்தவர்கள் வேதனையான நினைவுகள் வெளிவராமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள், தாங்கள் தடுப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. தடுக்கும் வேலையைச் செய்வது ‘நான்’. அப்படியென்றால் ‘நான்’ என்பதிலும் ஒரு பகுதி நனவிலியில் இருந்தாக வேண்டும்.

இப்போது தமிழ்ச்சொல். ஆணவம், அகந்தை, செருக்கு எல்லாம் பேச்சு வழக்கு ஈகோவுக்குப் பொருந்தும், தன்முனைப்பும் அப்படித்தான். அகங்காரம் கொஞ்சம் சுவையானது. வடமொழியில் அஹம் என்றால் நான். சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவில் அகங்காரம் என்பது ‘நான்’ என்ற உணர்வை உண்டாக்கும் தத்துவம். புழக்கத்தில் அதுவும் தேய்ந்து திமிராகிவிட்டது, ஈகோவுக்கு நடந்த அதே கதை. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது, சாங்கியம் கேட்ட கேள்வி வேறு. ‘அகம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அகம் என்றால் உள்ளே, மனம், வீடு என்றெல்லாம் பொருள் விரிவதால் மனதின் மூன்று பகுதிகளில் எதைச் சொல்கிறோம் என்பதே மங்கிவிடும்.

என் ஓட்டு ‘நான்’, ‘அது’, ‘மேல்-நான்’ என்பதற்கே. சிக்கல் இல்லாமல் இல்லை: நான் என்பது வேற்றுமை ஏற்றால் ‘என்’ ஆகிவிடும், அது என்று எழுதினால் எது என்று கேட்பார்கள். மேற்கோள் குறி போட்டு, ‘நான்’ என்பதன், ‘அது’ என்பதன் என்று எழுதிச் சமாளிக்கலாம். மேல்-நானுக்கு மனசாட்சி என்று போடுவது பாதி சரி. மனசாட்சி உறுத்தினால் நமக்குத் தெரியும், மேல்-நான் தருகிற குற்ற உணர்வு பல நேரம் இன்னதென்றே தெரியாமல் ஆளை வாட்டும்.